ஆள் அளவு 4

அனுப்பிரியாவின் வீட்டு அடுப்படிக்குள் ஐந்தாவதாக ஓர் ஆள் நுழைய முடியாது. இடம் இல்லாமல் இல்லை. அம்மா விடமாட்டார்.

அம்மாவின் பெயர் பாண்டிலட்சுமி. பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். அங்கே ஒவ்வோர் அறையின் வெள்ளைச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் 'ஆள் அளவு 4' என்று எழுதியிருக்கும். ஓர் அறைக்குள் நான்கு பேர்தான் இருக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே போய்விட வேண்டும். ஒருமுறை முதலாளியே உள்ளே வரப் பார்த்தார். "மொதலாளி, நாங்க நாலு பேரு இருக்கோம்" என்று அம்மா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். முதலாளியும் நின்றார். வேறு என்ன செய்வார், சுவரில் எழுதச் சொன்னதே அவர்தானே.

வீட்டுக்கு வந்தாலும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சொந்தக்காரர்கள் வந்து அடுப்படியில் ஐந்து பேர் ஆகிவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"ஒரு ஆளு வெளிய போங்க. இல்லாட்டி நா போறேன். பெறகு சாம்பாரு தீஞ்சுருச்சுன்னு என்னயச் சொல்லக் கூடாது."

அப்பா சிரிப்பார். "ஏ லட்சுமி, இது அடுப்படி. கம்பெனியா என்ன?"

"எதுவா இருந்தா என்ன. நாலுன்னா நாலுதான்."

பக்கத்து வீட்டு பீவி ஜான் அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்தால்கூட, வாசலில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்.

அப்பாவும் எண்ணுகிறவர்தான். அவர் பெயர் செந்தூர்பாண்டி. கம்பெனி வேன் ஓட்டுகிறார். காலையில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அதே பதினெட்டுப் பேரைக் கொண்டுவந்து விடுவார். தலையை எண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டார். வரும் வழியில் பள்ளிக்கூட வாசலில் அனுவும் ஏறிக்கொள்வாள். ஆறாம் வகுப்பு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடம் அவளுடையது. ஆக, வேனில் அம்மாவும் உண்டு, அனுவும் உண்டு. மற்றவர்கள் எல்லாம் அனுவுக்கு அத்தை, சித்தி, அக்கா.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அது தீபாவளி சீசன். இரண்டு நாளாக நல்ல மழை. அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. வேன் மெயின் ரோட்டைவிட்டு மண் ரோட்டில் திரும்பியதும், எங்கோ ஆட்டுக்குட்டி கத்துவது கேட்டது. கத்தல் பூமிக்கு அடியிலிருந்து வருவது மாதிரி இருந்தது.

அப்பா பிரேக் போட்டார்.

"கிணத்துக்குள்ள விளுந்துருக்கும் போல," என்றார்.

"போற போக்குல உங்களுக்கு ஒரு வேல வந்துரும்," என்றார் அம்மா.

"கேட்டுட்டுப் போனா சோறு எறங்குமா? பத்தே நிமிசம்."

ரோட்டிலிருந்து முப்பது அடி தள்ளி அந்தக் கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. மூன்று பக்கமும் உடைமுள் புதர். ரோட்டுப் பக்கம் மட்டும் வெறும் மண் தரை. ஓரத்தில் வெள்ளையடித்த மோட்டார் ரூம். கிணற்றுக்குள்ளே தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கல்லில், கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது எப்படி அங்கே போனது என்பது அதற்கே தெரியாது.

கிணற்றுச் சுவரில் படிக்கல் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதில் கால் வைத்து இறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது கல் மழையில் ஊறிப்போயிருந்தது. அது அப்பாவையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

அம்மா கத்தியபடி ஓடினார்.  பிறகு அப்பாவின் தலை வெளியே வந்தது. மோட்டார் பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காலு அசைய மாட்டேங்குது லட்சுமி. ஒடஞ்சுபோச்சு போல."

"ஏங்க, கைய விட்டுராதீக," என்று அம்மா கிணற்றோரம் மண்டியிட்டுவிட்டார்.

பதினேழு பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். சிலர் துப்பட்டாக்களை முடிந்து உள்ளே விட்டார்கள். அது பாதிக் கிணறுகூடப் போகவில்லை. அனு அம்மாவின் பையிலிருந்து செல்போனை எடுத்து 101 அடித்தாள். அவசரத்தில் முதல் தடவை 110 என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

"எந்தக் கம்பெனி? எந்த ரூமு?" என்று ஒரு குரல் அவசரமாகக் கேட்டது. சிவகாசிப் பக்கத்தில் தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"கம்பெனி இல்ல சார். கிணறு."

"கிணத்துப் பக்கமா தீ?"

"தீ இல்ல சார். கிணத்துக்குள்ள எங்கப்பா."

அந்தக் குரலின் அவசரம் போய்விட்டது. நிதானமாகக் கேட்டது. "பாப்பா, அப்பா பேசுறாரா? தண்ணி எம்புட்டு இருக்கு?"

"பேசுறாரு. காலு ஒடஞ்சிருச்சு. தண்ணி ஆழம், பைப்பப் பிடிச்சிருக்காரு. கயிறும் ஏணியும் கொண்டு வாங்க சார். தீப்பெட்டிக் கம்பெனி தாண்டி மண் ரோட்டுல திரும்புனா, வெள்ள மோட்டார் ரூமு. மஞ்ச வேன் நிக்கும்."

"வந்துக்கிட்டே இருக்கோம். வேற யாரையும் உள்ள எறங்க விடாத. அப்பாகூடப் பேசிக்கிட்டே இருக்கச் சொல்லு."

அனு அதை அப்படியே எல்லாரிடமும் சொன்னாள்.

அவர்கள் வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இன்னொன்று நடந்தது. சீசன் நேரத்தில் அந்த ரோட்டில் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். மூன்று வேன்கள் வந்து நின்றன. மூன்றிலிருந்தும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். செந்தூர்பாண்டியைத் தெரியாதவர் அந்த ரோட்டில் யாரும் இல்லை. எண்பது பேர் கிணற்றின் ரோட்டுப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்று, எண்பது பேரும் ஒரே நேரத்தில் தைரியம் சொன்னார்கள். அதற்குள் கிணற்றுக்குள்ளே இருட்டிவிட்டது, மேலேயிருந்து பைப்புகூடத் தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி தனுஷ்கோடியோடு நான்கு பேர் குதித்தார்கள். அவர்களில் ஒல்லியாக, உயரமாக இருந்தவர் பிரபாகரன். அவர்தான் அந்த நிலையத்தின் நீச்சல்காரர். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஊரில் தீயணைப்பு நிலையத்துக்கு நீச்சல்காரர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே இருக்கும் கிணறுகளையும் கல்குவாரிப் பள்ளங்களையும் எண்ணிப் பார்க்காதவர்கள் கேட்கிற கேள்வி அது.

பிரபாகரன் சட்டையைக் கழற்றினார். இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கயிற்றைக் கோத்தார். மற்ற மூன்று பேரும் கயிற்றின் மறுமுனையை வண்டியில் கட்டிவிட்டு, நடுவில் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு இளுப்புன்னா நிறுத்துங்க. ரெண்டு இளுப்புன்னா தூக்குங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தனுஷ்கோடி மைக்கை எடுத்தார். "எல்லாரும் பின்னால போங்க. கரை ஈரமா இருக்கு, சரிஞ்சுரும்."

எல்லாரும் அரை அடி பின்னால் போனார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். மறுபடி மைக்கில் சொன்னார். மறுபடி அதே கதைதான். ஆகமொத்தம், அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

கரையிலிருந்து மண்கட்டி பெயர்ந்து உள்ளே விழுந்தது. "மேல யாரு மண்ணத் தள்ளுறது?" என்று பிரபாகரனின் குரல் கேட்டது. அதற்கும் மண்தான் விழுந்தது.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். "சார், பைப்புல ஆளக் காணோம்."

அம்மா "ஏங்க, ஏங்க" என்று குனிந்து கூப்பிட்டார். அதைக் கேட்டு எண்பது பேரும் கூப்பிட்டார்கள். "செந்தூரண்ணே, செந்தூரண்ணே." பாசத்தால்தான் கூப்பிட்டார்கள். கிணற்றுக்குள் அந்தப் பாசம் முழுவதும் ஒரே இரைச்சலாகப் போய் இறங்கியது.

"சத்தம் போடாதீக. இங்கன எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் பிரபாகரன். அது தனுஷ்கோடிக்கும், அவர் பக்கத்தில் நின்ற அனுவுக்கும் மட்டும்தான் கேட்டது.

"சத்தம் போடாதீக" என்று அனுவும் கத்திப் பார்த்தாள். அவள் குரலும் கூட்டத்தோடு சேர்ந்துபோனது. கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாருடைய கையிலும் வெள்ளி நிறப் பட்டாசு மருந்துத் தூள் ஒட்டியிருந்தது. எல்லாரும் கம்பெனி ஆட்கள்.

அவள் ஓடினாள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உடைந்த செங்கல் கிடந்தது. ஒரு துண்டை எடுத்தாள். கீழே கிடந்த கல்லில் ஏறி நின்று, வெள்ளைச் சுவரில் எட்டிய மட்டும் பெரிதாக எழுதினாள். செங்கல் சிவப்பாகத்தான் எழுதும்.

ஆள் அளவு 4

பிறகு ஒரு குச்சியை எடுத்து, மோட்டார் ரூமிலிருந்து உடைமுள் வரைக்கும் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஈர மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, கடைசியில் நின்ற முனியராஜ் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கம்பெனி போர்மேன். அறை அறையாகப் போய் ஆட்களை எண்ணுவதுதான் இருபது வருடமாக அவர் வேலை.

"மாமா, ரூமுக்குள்ள ஆளு கூட இருக்கு," என்றாள்.

முனியராஜ் திரும்பினார். சுவரைப் பார்த்தார். 'இது ரூமா, கிணறா' என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேலை கெட்டிருக்கும்.

"என்ன இது," என்றார், அடிக்குரலில். கம்பெனியில் அவர் ஒருநாளும் கத்தியதில்லை. "நாலு பேரு போக மத்தவுக வெளிய வாங்க. ஓடக் கூடாது. பேசாம வாங்க."

அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவள் மனம் யோசிப்பதற்குள் அவள் கால் கீழ்ப்படிந்தது. அவள் வெளியே வந்தாள். அடுத்தவள் வந்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ரூமுக்குள் செல்போனோடு பிடிபட்டவர்போல அதை அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தள்ளுமுள்ளு இல்லை, பேச்சும் இல்லை. எண்பது பேர் வரிசையாகக் கோட்டைத் தாண்டி வந்து, திரும்பி நின்றார்கள்.

கோட்டுக்கு உள்ளே தனுஷ்கோடியும் கயிறு பிடித்த மூன்று பேரும் இருந்தார்கள். நான்கு. அப்புறம் அம்மா இருந்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் மண் கீறல் விட்டிருந்தது.

"எம்மா, வாம்மா," என்றாள் அனு.

"நா வரமாட்டேன். அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்."

"சாரு ஒண்ணு, அண்ணங்க மூணு. நாலு ஆயிருச்சும்மா."

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் ஐந்தாவது ஆளாக இருந்ததில்லை. மெதுவாக எழுந்தார். கோட்டைத் தாண்டி வந்து அனுவின் கையைப் பிடித்துக்கொண்டார். 

அவர் எழுந்து வந்த இடத்தில் ஒரு முழம் கரை சரிந்து உள்ளே விழுந்தது.

அங்கே நின்றால் கிணற்றுக்குள் எதுவும் தெரியவில்லை. அப்பாவைப் பார்க்க முடியாத இடத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டதை நினைத்து அனுவுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் கோட்டை மிதிக்கவில்லை.

எண்பது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கிணற்றுக்குள் ஆட்டுக்குட்டி ஒருமுறை கத்திவிட்டு, எல்லாரும் பேசாமல் இருப்பதைப் பார்த்தோ என்னவோ, அதுவும் வாயை மூடிக்கொண்டது.

"கேக்குது," என்றார் பிரபாகரன் உள்ளேயிருந்து. இப்போது அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. "சார், கல்லுக்குப் பின்னால ஒரு பொந்து இருக்கு. அங்கனதான் மூச்சு கேக்குது."

பிறகு தண்ணீர் அலையும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அம்மாவின் பிடியில் அனுவின் விரல்கள் வலித்தன.

கயிறு ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறை அசைந்தது.

"ரெண்டு," என்றார் தனுஷ்கோடி. மூன்று பேரும் இழுத்தார்கள். அவரும் கை கொடுத்தார்.

முதலில் சேறாக ஒரு தலை மேலே வந்தது. கண் மூடியிருந்தது. தரையில் படுக்கவைத்ததும் அந்தத் தலை இருமியது. இருமி, தண்ணீரைத் துப்பியது. கோட்டுக்கு வெளியே எண்பது பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். 

அப்பாவின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோட்டைத் தாண்டியதும் அம்மாவும் அனுவும் இரண்டு பக்கமும் வந்து பிடித்துக்கொண்டார்கள். அனு அதுவரை அடக்கிவைத்த அழுகையை எல்லாம் அழுதாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "வண்டில ஆள எண்ணிட்டியா?" என்றார்.

"பதினெட்டும் இருக்காகப்பா," என்றாள் அனு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்கதான் கொறஞ்சீக."

பிரபாகரன் கடைசியாக ஏறி வந்தார். ஆட்டுக்குட்டி அவர் தோளில் கிடந்தது. தனுஷ்கோடி சுவரைப் பார்த்தார், கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். "இருவது வருசமா இதுல கத்திக்கிட்டுக் கெடக்கேன்," என்று சொல்லிவிட்டு, அதை வண்டிக்குள் வைத்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபாகரன் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்.

அப்பா அடுப்படியில் இருந்தார். காலில் மாவுக்கட்டு. வேன் ஓட்ட முடியாததால் அவருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அம்மா அடுப்புக்கு முன்னால். அனு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பீவி ஜான் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிரபாகரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் அனு.

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "நாலு பேரு இருக்கீக. நா இங்கனயே நிக்கேன்," என்று சிரித்தார். அவர் கட்டைவிரலில் பெரிய கட்டு இருந்தது.

"கையில என்ன, கிணத்துக் கல்லு குத்திருச்சா?" என்று கேட்டார் அப்பா.

"கல்லு இல்லண்ணே. ஒங்க ஆட்டுக்குட்டி கடிச்சிருச்சு. மாடுன்னா ஒதைக்கும், அது தெரியும். ஆடு கடிக்கும்னு இப்பத்தான் தெரிஞ்சது."

யாரும் கேட்டு வராததால் அந்த ஆட்டுக்குட்டி இப்போது இங்கேதான் இருக்கிறது. வெளியே அது அவருடைய செருப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அவரு எங்கன இருக்காருன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சீக?" என்று அம்மா கேட்டார். அடுப்பைப் பார்த்தபடியேதான் கேட்டார்.

"கை வழுக்கி அண்ணன் பொந்துக்குள்ள ஒதுங்கிட்டாரு, நா பைப்புப் பக்கந்தான் தேடிக்கிட்டு இருந்தேங்க்கா. உள்ள கலங்கல், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. மேல சத்தம் நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் அண்ணன் மூச்சு கேட்டுச்சு. ரொம்ப லேசா. சத்தம் நின்னுருக்காட்டி, நா அங்கனயேதான் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

 சாம்பார் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா திரும்பினார். கையில் கரண்டி இருந்தது. பீவி ஜான் அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று கீரையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

"நீங்க உக்காருங்கக்கா," என்றார் அம்மா. பிறகு வாசலைப் பார்த்தார். "உள்ள வந்து உக்காருங்க தம்பி. இது அடுப்படிதான. கம்பெனியா என்ன?"

அப்பாவின் கையிலிருந்த வெங்காயம் நழுவிக் கீழே விழுந்தது.

பிரபாகரன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஆட்டுக்குட்டியும் வந்தது. அம்மா அதை மட்டும் கரண்டியைக் காட்டி வெளியே அனுப்பினார்.